மாமா பார்க்காத ஏரி

நான் பொய் சொல்லும் பிள்ளை என்று பத்து வயதில் ஒரு வகுப்பே நம்பியது. அப்படி நம்பவைத்தவர் என் சொந்த மாமா. நாற்பது தாண்டிவிட்டது, இப்போதும் இதை எழுதும்போது காது சூடாகிறது.

அம்மாவின் தம்பியான அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டின் சின்ன அறையில் இருந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா மேசையின் ஒரு பக்கத்தில் குடிவரவு அதிகாரியாக உட்காருவார், எதிரே மாமா. அப்பா வேலை செய்வது பிஸ்கட் பெட்டிகள் அடுக்கும் இடத்தில். ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் குரலில் ஓர் அரசாங்கமே இருக்கும்.

“வழியில எந்த நாட்டில இறங்கினனீர்?”

“ஒரு நாட்டிலயும் இறங்கேல்லை. கொழும்பில ஏறி நேரா லண்டன்.”

“யோசிச்சுப்போட்டுச் சொல்லாதையும். யோசிச்சா அவன் பிடிச்சிடுவான்.”

எனக்கு வாய்ப்பாடு போல அவருக்கு இது என்று நினைத்திருந்தேன். வழியில் வேறு நாட்டில் கால் வைத்தது தெரிந்தால் அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கிருந்து கொழும்புக்கு ஏற்றினாலும் கேட்க ஆளில்லை என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சின்னப்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பனிக்காலத்தில், ஆளுக்கொரு ஏரியைப் பற்றி எழுதிவரும்படி ரீச்சர் சொன்னார். எது என்று தெரியாமல் நான் குசினி மேசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தபோது மாமா தேநீர் ஊற்ற வந்தார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், “நான் ஒரு ஏரி சொல்லட்டே?” என்றார்.

அது மலைகளுக்கு நடுவே உறைந்து கிடந்ததாம். ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் ரோட்டால் போகவேண்டாம், பொலிஸ் நிற்கும் என்று விடியப்புறம் பன்னிரண்டு பேரை ஐஸ்மேல் நடக்கவிட்டானாம். நடுவே, கரையிலிருந்து தள்ளி, ஒரு கோவில் கோபுரம். கோவில் இல்லை, கோபுரம் மட்டும். தேர் ஒன்று குளத்துக்குள் இறுகி நின்றுவிட்டது போல. கூட வந்த மன்னார்க்காரர் அதைத் தொட்டுச் சிலுவை போட்டாராம். மாமாவும் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். “எந்தச் சாமியெண்டாலும் அண்டைக்குப் பரவாயில்லை” என்று சிரித்தார்.

அவருக்கு ஏரியின் பெயர் தெரியாது. நூலகத்தில் மூன்று சனிக்கிழமை தேடி நான்தான் கண்டுபிடித்தேன். ரெஷன் ஏரி. இத்தாலியின் வடக்கு முனையில், ஒஸ்ட்ரியாவும் சுவிஸும் கூப்பிடு தூரம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு மீற்றர் உயரம். முன்பு அது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள். மின்சாரத்துக்காக அணை கட்டி இரண்டையும் ஒன்றாக்கியபோது நடுவிலிருந்த ஊர் தண்ணீருக்குள் போயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். தேவாலயத்தின் மணிக்கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். ஊரவர்கள் பேசியது ஜெர்மன். தண்ணீர் வரப்போகிறது என்ற அறிவித்தலை இத்தாலிய மொழியில் ஒட்டினார்களாம். இதை வாசித்துக் காட்டியபோது மாமா, “நோட்டீஸ் எண்டா எங்கையும் விளங்காத பாஷையிலதான் வரும்” என்றார்.

புத்தகத்தில் படம் முத்திரை அளவுதான் இருந்தது. அதைப் பார்த்துப் பெரிதாகக் கோபுரத்தைக் கீறினேன். கடைசிப் பக்கத்தில், என் மாமா இந்த ஏரிமேல் நடந்து போனவர் என்று எழுதினேன்.

வகுப்பில் கை உயர்த்தவே பயப்படும் பிள்ளை நான். என் தாளுக்குத் தங்க நட்சத்திரம் ஒட்டி ரீச்சர் சுவரில் குத்தினார். ஒரு கிழமை முழுவதும் அந்தச் சுவரைக் கடந்துதான் எங்கும் போனேன். போகத் தேவையில்லாத இடத்துக்கும்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவுடன் மாமா வந்தார். அம்மாவுக்கு இங்கிலிஷ் ஓடாது, மாமா மொழிபெயர்ப்பார். ரீச்சர் அவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகச் சுவரைக் காட்டி, நீங்கள்தானே ஏரியில் நடந்தவர், ஒருநாள் வகுப்புக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டார்.

மாமா தாளை வாசித்தார். வாசித்து முடிந்தும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“பிள்ளை கெட்டிக்காரியாம், அக்கா.”

பிறகு ரீச்சரிடம் திரும்பி, தன் உடைந்த இங்கிலிஷில், அப்படி ஓர் ஏரியைத் தான் கண்டதே இல்லை, பிள்ளை கதை கட்டுவாள் என்றார். சொன்னதோடு நில்லாமல் ஊசிகளைத் தானே கழற்றித் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ரீச்சர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் ரீச்சர், கற்பனை நல்லதுதான், ஆனால் அதை உண்மை என்று எழுதக்கூடாது என்று பொதுவாகச் சொன்னார். பொதுவாகத்தான். முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. சுவரில் நான்கு ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

அந்த ஞாயிறு அப்பா, “எந்த நாட்டில இறங்கினனீர்?” என்று தொடங்க, “ஒரு நாட்டிலயும்” என்று மாமா சொல்ல, நான் மாடிப்படியிலிருந்து கத்தினேன்: “பொய்! மாமா இத்தாலியில ஐஸில நடந்தவர்! பொலிஸுக்கு ஒளிச்சு நடந்தவர்!”

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். பிறகு போய் யன்னலையும் சாத்தினார். பக்கத்து வீட்டுக் கிழவருக்குத் தமிழ் தெரியாது, காதும் கேட்காது. அப்பா என்னை ஏசவில்லை. மாமாவைப் பார்த்து, “இவளுக்கு ஏன் இதைச் சொன்னனீர்?” என்று மட்டும் கேட்டார்.

மாமாவுக்கு விசா வர நான்கு வருடம் ஆயிற்று. இன்று இல்ஃபோர்டுக்குப் பக்கத்தில் குட்மேய்ஸில் சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஏரி தெரியாது. என் கோபம் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆளைத்தான் மாற்றியிருக்கிறது. கால் வைத்த இடத்தை மறுத்தால்தான் கால் வைக்க இடம் தருவோம் என்று ஒரு மனிதனை ஞாயிறு தோறும் பாடமாக்க வைத்தவர்கள் யாரோ, இப்போது அவர்கள்மேல்.

நான் கத்திய அந்த ஞாயிறு பின்னேரம் மாமா என் அறைக் கதவைத் தட்டினார். கட்டில் ஓரத்தில் இருந்து, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து விரித்து மடிப்பை நீவினார்.

“எல்லாம் சரியாக் கீறியிருக்கிறாய், குஞ்சு. கோபுரத்தில மேல் யன்னல் ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கும். நீ தள்ளிக் கீறிப்போட்டாய்.”

எந்த வக்கீலுக்கும் சொல்லாத ஒன்றை அந்த மனிதர் என் கட்டிலில் வைத்து எனக்கு ஒப்புக்கொண்டார். நானோ, பொய்க்காரரின் பேச்சைக் கேட்டு யன்னலை மாற்றமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.