இன்று மாமாவின் பாடு: திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு ஞாயிறு

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளிப்போட்ட பயணம் இது. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் என் தாய்மாமா பதினான்கு மாதங்களாக இருக்கிறார். அவர் மணிக்கட்டில் காயத்தைப் பார்த்ததாகத் தங்கை போனில் அழுதாள். அவரை அங்கேயே விடுவதா, திருவள்ளூரில் பார்த்துவைத்த வேறு இல்லத்துக்கு மாற்றுவதா என்று அன்று மாலைக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

திருவள்ளூரில் காலை 6.10 லோக்கல். டிக்கெட் இருபது ரூபாய். பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். படிக்கட்டு உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பொன்னேரி வந்ததும் மனசு அங்கேயே இறங்கிவிட்டது. பள்ளி விடுமுறைகளில் மாமா அங்கேதான் காத்திருப்பார், லுங்கியெல்லாம் உப்பு பூத்திருக்கும். பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்து என்னைப் படிக்கவைத்தவர். அந்த வாடைக்கு அன்று மூக்கைப் பொத்திக்கொள்வேன். இப்போது ஒருமுறை அடிக்காதா என்றிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து சிப்காட்டைத் தாண்டி நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 120 ரூபாய். ஒரு பிடி பிடிப்பது என்றுதான் 9.20க்கு உள்ளே போனேன். மேலாளர் அம்மா எதையும் மறைக்கவில்லை. மாமா குளிக்க மறுத்து அடம்பிடிக்க, பணியாள் ஒருவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். இப்போது குளிப்பாட்டுவது ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்ணான மல்லிகா. நீங்களே பாருங்கள் என்றார்.

மல்லிகா கட்டிலருகே போய், "இன்னிக்கு ஒங்க பாடு நைனா. வலைய எடுத்துக்கினு வாங்க" என்றார்.

"மேலாண்டையா, கீழாண்டையா?" மேற்குப் பக்கமா, கிழக்குப் பக்கமா என்று மாமா கேட்டார்.

"மேலாண்ட."

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானாக நடந்தார்.

பழவேற்காட்டில் இறால் கிடைக்கும் இடங்களில் ஒரு நாள் ஒரு கூட்டம், மறுநாள் வேறொரு கூட்டம் என முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அதுதான் பாடு. முறை இல்லாத நாளில் தண்ணீரில் இறங்குவது அங்கே திருட்டுக்குச் சமம். நினைவு தடுமாறிய மாமாவைத் தினமும் தண்ணீருக்கு இழுத்தால் அடம்பிடிக்காமல் என்ன செய்வார்? சேர்க்கும்போது பழக்கவழக்கங்கள் என்ற கட்டத்தில் நான் எழுதியது, காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது மட்டும்தான். அவர் வளர்த்த பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

இடம் மாற்றவில்லை. பாடு விஷயத்தை எல்லா ஷிப்டுக்குமான நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் தங்கைக்குப் போன் செய்தேன்.

இல்லம் தேடுகிறவர்களுக்கு: பார்வையாளர் நேரம் பத்து மணி என்று போட்டிருந்தால் அதற்கு முன்பே, குளிக்கவைக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். தரை பளபளப்பை விடுங்கள், நகத்தையும் காதுக்குப் பின்புறத்தையும் பாருங்கள். மல்லிகா மாதிரி ஒருவர் லீவு போட்டால் அன்று யார் என்று கேளுங்கள். படிவத்தை ஆற அமர நிரப்புங்கள்.

கிளம்பும்போது மாமா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கெழம யாரு பாடு?"

இந்தப் பதினான்கு மாதத்தில் நான் வந்தது இது மூன்றாவது முறை.

"என் பாடுதான் மாமா."

"முறைய வுட்டா எடம் கைய வுட்டுப் பூடும்டா" என்றார்.