மிளகு டப்பா

எங்கள் அங்கன்வாடி அலமாரியில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. மேலே ஒட்டிய சிவப்புக் காகிதம் வெளுத்து, கை பட்ட இடமெல்லாம் கிழிந்துவிட்டது. உள்ளே மிளகு. புதிதாக வந்த ஆயா சுத்தம் செய்கிறேன் என்று அதைக் குப்பையில் போடப் போனார். என்னையறியாமல் அதட்டிவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

வாசலூர்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் இது. நான் காரவள்ளிக்காரி, காலை பஸ்ஸில் மலையேறி வந்து, சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறவள். உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்வதெல்லாம் எனக்கு ஆகாது. தொட்டுப் பார், மோந்து பார், ஆட்டிப் பார் என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன். அதற்கான சாமான்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வேன். அப்படி வந்ததுதான் சத்த டப்பா விளையாட்டு. ஒரே மாதிரி டப்பாக்கள். இரண்டில் மிளகு, இரண்டில் சாமை, இரண்டில் பலாக்கொட்டை, இரண்டில் கூழாங்கல். உள்ளே இருப்பது தெரியாதபடி எல்லாவற்றுக்கும் சிவப்புக் காகிதம். ஆட்டிக் கேட்டு, ஒரே சத்தம் வருகிற இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டும்போது இந்த வாண்டுகள் கண்ணை உருட்டுகிற அழகு இருக்கிறதே, அதற்கே சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கலாம்.

மிளகு கொடுத்தது பாப்பா என்ற பிள்ளையின் அம்மா. நான்கு வயதை நெருங்கியும் பாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் மாமியார் வீட்டில் பிள்ளையை ஊமை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பாததற்குப் பிடிவாதம் என்பாள். தன் அண்ணன்கூட லேட்டாகத்தான் பேசினான் என்பாள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வரும். ஒரு நாள் நான் கோபித்துக்கொண்டபோதுதான் மனசில் இருந்ததைச் சொன்னாள். அங்கே போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். அதோடு, அவளிடம் ஒரு சாட்சி இருந்தது.

"ராத்திரி நான் பாடலீன்னா தூங்கவே மாட்டாளுங்க டீச்சர். காது கேக்காத புள்ள பாட்டுக் கேக்குமா?"

நியாயமாகத்தான் பட்டது.

மாதம் ஒரு நாள் அம்மாக்களை வரச் சொல்லி, பிள்ளைகள் செய்வதைக் காட்டுவேன். அன்று பாப்பாவின் முறை வந்தது. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டினாள். மிளகோடு மிளகு, சாமையோடு சாமை, ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் அம்மா எழுந்து நின்று, "பாப்பாவுக்குக் காது கேக்குதுங்க!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். எல்லோரும் கை தட்டினோம். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு இறங்கும்போதுதான் அந்தக் காட்சி மறுபடி மனசில் ஓடியது. மற்றப் பிள்ளைகள் டப்பாவைக் காதோரம் வைத்தார்கள். பாப்பா ஒரு தடவைகூட வைக்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள். மிளகு கைக்குள் குறுகுறுக்கும், பலாக்கொட்டை இடிக்கும். அவள் கையால்தான் ஜோடி சேர்த்திருக்கிறாள்.

மறுநாள் அம்மாவை இருக்கச் சொன்னேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று கூழாங்கல் டப்பாவை ஆட்டினேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். பாப்பா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா ஆட்டுங்க," என்றாள் அம்மா. ஆட்டினேன். பிறகு அவளே என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி, பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஆட்டினாள். கை ஓயும்வரை ஆட்டினாள். அப்புறம் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், அப்ப நான் பாடுனதெல்லாம்?"

பாடும்போது பிள்ளை எப்படிப் படுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். அவள் யோசிக்காமல் பாப்பாவின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக் காட்டினாள். வைத்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. என் முகத்தைப் பார்த்தாள். "கையாலதாம்மா கேட்டிருக்கா," என்றேன். பாப்பாவைக் கட்டிக்கொண்டு, தொண்டையில் வைத்த கையை எடுக்காமலே அழுதாள். நானும் அழுதேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதில் மெஷின் வைத்தும் பெரிதாகப் பலனில்லை. பிறகு மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், காது கேளாத பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளியில் பாப்பாவைச் சேர்த்தார்கள். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற அந்த அம்மா, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருஷக்கணக்காக மாதாமாதம் மகளைப் பார்க்க மலையிறங்கினாள். போன தை மாதம், மிளகு பறிக்க ஏறிய ஏணி சறுக்கி விழுந்தாள். சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

விடுதியிலிருந்து பாப்பாவைக் கூட்டி வந்தார்கள். இப்போது வளர்ந்த பெண். சுற்றிலும் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சத்தமில்லாமல் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையை அந்தத் தொண்டையில் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாரோ கையை விலக்க வந்தார்கள். விடுங்கள் என்று நான் கத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, டப்பாவை ஆட்டிப் பார்ப்பதுபோல, அம்மாவின் கழுத்தை மெல்ல ஒரு முறை அசைத்துப் பார்த்தாள்.

லீவுக்கு வந்தால் பாப்பா முதலில் இங்கேதான் வருகிறாள். அலமாரியைத் திறந்து இந்த டப்பாவை எடுத்து, நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுகிறாள். உள்ளே இருப்பது அவள் அம்மா பறித்த மிளகு. இதைக் குப்பையில் போட விடுவேனா நான்?