கக்குவானுக்கு ஆகாயம்

என் மூத்த மகளுக்கு இரண்டரை வயதில் கக்குவான் வந்தது. சும்மா வந்து போகிற இருமல் இல்லை அது. ஆரம்பித்தால் மூச்சு வாங்க இடம் கொடுக்காது. இருமி இருமி முகம் நீலம் பாரித்து, கடைசியில் 'கூ' என்று ஒரு இழுப்பு இழுத்தால்தான் உயிர் திரும்பும். அந்த இழுப்பு வரும்வரை நானும் மூச்சு விடமாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வைத்தியம் சொல்லாத வாய் இல்லை. கழுதைப் பால் கொடு என்றாள் ஒருத்தி. கோலாலம்பூரில் கழுதைக்கு நான் எங்கே போவேன்? தாய்ப்பால் கபத்தைக் கட்டும், உடனே நிறுத்து என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதைக் கேட்டேன். வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிக்கொண்டேன். வாய் வைத்துவிட்டுப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வை எனக்குச் சாகும்வரை போதும். இரண்டே நாளில் மடியில் படுப்பதையே விட்டுவிட்டாள். இருமல் மட்டும் விடவில்லை.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர். சீமையில் கக்குவான் பிள்ளைகளை ஆகாயக் கப்பலில் உயரே கொண்டுபோய் இறக்குகிறார்களாம், அதோடு இருமல் நின்றுவிடுகிறதாம் என்று ஒரு நாள் வந்து நின்றார். அவருடைய ஆபீஸ் வெள்ளைக்காரத் துரைக்கு அந்த ஆகாயக் கப்பல் ஓட்டத் தெரியும். கேட்டதும் சரி என்றுவிட்டாராம்.

"ஏங்க, அந்தத் துரை என்ன டாக்டரா?"

"டாக்டருங்கதான் பேப்பர்ல எழுதியிருக்காங்க. கழுதையத் தேடிக்கிட்டு இருக்கிறதுக்கு இது தேவலை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பிள்ளையின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. வேறு வழி சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கை பெசி மைதானத்துக்குப் போனோம். பாரம் குறைந்தால் இன்னும் உயரே போகலாம் என்று துரை சொன்னதால் என் வீட்டுக்காரர் கீழேயே நின்றுகொண்டார். கப்பலின் மூக்குப் பக்கம் ஒரு சின்ன அறை, அதற்குள் நானும் பிள்ளையும். துரை எங்களுக்குப் பின்னால், வெளியே, மேல்மூடி இல்லாத இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. கூப்பிட்டாலும் கேட்காது.

"இறங்கும்போது காது அடைச்சு வலிக்குமாம். பிள்ளை எதையாவது முழுங்கிக்கிட்டே இருக்கணுமாம், துரை சொல்றாரு," என்று அவர் ஒரு பெப்பர்மிட்டை என் கையில் திணித்தார். நான் ஒரு புட்டியில் வெந்நீரும் வைத்திருந்தேன்.

ஏறும்போது நான் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை மட்டும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். ஈயம் தோண்டின குட்டைகள் சின்னச் சின்னதாகிப் போயின. பிறகு வெறும் வெள்ளை. குளிர் முழங்காலில் ஏறியது. அவள் இருமவே இல்லை. அடடா, இவர் சொன்னது நிஜம்தானோ என்று நான் நினைத்த நேரத்தில் ஆரம்பித்தது.

இயந்திரச் சத்தத்தில் இருமல் கேட்கவில்லை. தோள் குலுங்குவதும் நாக்கு வெளியே வருவதும்தான் தெரிந்தன. உதடு கறுத்தது. இழுப்பு வந்ததா வரவில்லையா என்று காதால் அறிய வழியில்லை. அவள் முதுகில் கையை வைத்து, அது விரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தெய்வத்தைக் கூப்பிட்டேன். கடைசியில் முதுகு விரிந்தது. புட்டி எப்போது கையை விட்டுப் போனதென்று தெரியவில்லை. வெந்நீரெல்லாம் காலடியில் ஓடிக் கிடந்தது.

அப்போதுதான் துரை கப்பலை இறக்க ஆரம்பித்தார்.

என் காதுக்குள் ஆணி இறங்கியது. பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்து அழுதாள். அழுகை முற்றினால் இருமல் வரும், அது எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு தடவை அவள் தாங்கமாட்டாள். கையில் இருந்தது பெப்பர்மிட் ஒன்றுதான். அதை வாயில் போட்டு, இருமலில் அது தொண்டைக்குள் போய்விட்டால்? தூக்கி எறிந்தேன்.

ரவிக்கையை அவிழ்த்தேன்.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். வலியிலும் மறக்கவில்லை. உதடு அசைந்ததில் புரிந்தது: "கசக்கும்."

"கசக்காதுடி, என் தங்கம், கசக்காதுடி," என்று கத்தினேன். என் காதுக்கே கேட்கவில்லை. மார்பை விரலால் துடைத்து, அந்த விரலை அவள் பார்க்க நக்கிக் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சிரிக்க முயன்றேன், அழுகைதான் வந்தது. அவள் தோள் மறுபடி குலுங்கத் தொடங்கியிருந்தது. மறுபடி விரலை நக்கினேன். அவள் கையை நீட்டி என் விரலைத் தொட்டு, தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய் வைத்தாள்.

பால் வந்ததா, தெரியாது. தொண்டை ஏறி இறங்கியது, அது போதும். காதிலிருந்து ஒரு கை இறங்கியது. பிறகு மற்றொன்று. சக்கரம் தரையில் மோதியபோதுகூட அவள் விடவில்லை.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தார். "இருமுனாளா?" என்றவர், எங்களைப் பார்த்ததும் துரை பக்கம் முதுகைக் காட்டி எங்களை மறைத்து நின்றுகொண்டார்.

அன்று மாலையே இருமல் வந்தது. அது தன் இஷ்டத்துக்கு இன்னும் பல வாரம் இருந்துவிட்டுப் போயிற்று. ஆகாயம்தான் குணமாக்கியது என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்துப் பிறந்த மகனுக்கு இரண்டு வயது ஆனதும் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்தாள். "இன்னுமா குடிக்கிறான்? நீ சொன்னா கேக்கமாட்டேல்ல, நானே அரைச்சுக் கொண்டாந்துட்டேன், பூசிக்க."

கிண்ணத்தை வாங்கி, அவள் கண் முன்னாலேயே வேப்பிலையைச் சாக்கடையில் கொட்டி, கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.