ராத்தாவுக்காகப் போட்ட படம்

சுனாமியில் கடல் மச்சானைக் கொண்டுபோன பிறகு, என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கலியாணமான புதிதில் கல்முனைத் தியேட்டரில் மச்சானோடு பார்த்த படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன தம்பி?

கடைகளில் கிடைத்த சீடி வட்டில் பாட்டுகளை வெட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு முகங்களை அகலமாக இழுத்து, கதாநாயகியைப் பூசணிக்காய் ஆக்கியிருந்தார்கள். எனக்கு அரைகுறை வேலை ஆகாது. நாட்டில் சண்டை முடிந்து, வீதிச் சோதனைகள் குறைந்ததும் கொழும்புக்குப் போய் முழுப் படத்தையும் தேடி எடுத்தேன். மாதக்கணக்கில் கணினி முன் உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்தேன், ஒலியில் இருந்த இரைச்சலை நீக்கினேன், ‘இடைவேளை’ என்று திரையில் காட்டும் அட்டையைக்கூட உரிய இடத்தில் சேர்த்தேன். தியேட்டரில் பார்த்தது போலவே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

“தம்பி, அந்தப் படத்தில ஒரு இடம் இரிக்கி...” என்று ராத்தா ஒரு நாள் தொடங்கினாள்.

“எல்லாம் எனக்குத் தெரியும் ராத்தா. நீங்க சும்மா வந்து பாருங்க” என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்ற கையோடு, சுனாமிக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டின் சன்னல்களைப் போர்வையால் மூடினேன். இரவல் வாங்கிய புரொஜெக்டரால் படத்தைச் சுவரில் விழுத்தினேன். ராத்தா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கதாநாயகன் ரயில் ஏறும் கட்டம் வந்தது. அவன் பேசப் பேச ராத்தாவின் முகம் மாறியது.

“இவடத்த சத்தம் வராது தம்பி. நாங்க பாக்கக்குள்ள பள்ளியில இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னாங்க. ஒப்பரேட்டர் சத்தத்த நிப்பாட்டிட்டாரு. படம் மட்டும் ஓடிச்சி. அவன் என்ன கதைக்கிறான் எண்டு ஒங்கட மச்சான்தான் என்ட காதுக்குள்ள சொன்னாரு. எல்லாம் அவரு கட்டின கதை.”

எங்கள் ஊர்த் தியேட்டரில் பாங்கு நேரம் சத்தத்தை நிறுத்துவது எனக்குத் தெரியாததா? எத்தனை படங்களில் அந்த அமைதிக்குள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இடைவேளை அட்டையை ஞாபகம் வைத்தவன் அதை மறந்துவிட்டேன். அன்றைக்கு அவள் சொல்ல வந்ததையாவது கேட்டிருக்கலாம்.

பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்தி, அந்தக் கட்டத்தை மறுபடியும் போட்டேன். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினாள்.

“இத்தன வருசமா இவடத்த அவர்ர குரல்தான் கேட்டிச்சி தம்பி” என்றாள். “இப்ப சத்தத்த நிப்பாட்டினாலும் இவன்தான் கதைக்கிறான்.”