வீரம்மா செய்த லசானியா

தேய்த்த மாவுத் தகட்டை இரண்டு கையாலும் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள் வீரம்மா. ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். எதிர்மலையில் இருக்கும் தேயிலை ஃபெக்டரியின் தகரக் கூரை மாவுக்குள்ளே மங்கலாகத் தெரிந்தால் தகடு தேறியது. தெரியாவிட்டால் மறுபடி பலகைக்குப் போகும். சோடாப் போத்தல் மறுபடி அதன்மேல் உருளும். மூடுபனி இறங்கி ஃபெக்டரியே காணாமல் போய்விட்டால் வேலை நின்றுவிடும். "மல தெரியட்டும், பொறவு பாக்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். யார் அவசரப்படுத்தியும் பிரயோசனமில்லை.

தேறிய முதல் தகட்டைத் தட்டின் அடியில் விரித்ததும் அதன் ஓரத்தில் பெருவிரல் நகத்தால் ஏதோ கீறுவாள். கீறிய வேகத்தில் மேலே குழம்பை ஊற்றி மூடிவிடுவாள். மகள் சுலக்ஷனா இதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். மா பதம் பார்க்கிறாள் போலும் என்று நினைத்துக்கொள்வாள்.

இவ்வளவும் நடப்பது பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில். ஓவன் கிடையாது. பெரிய பிஸ்கட் தகரத்தில் மணல் பரப்பித் தட்டை இறக்கி, கீழே விறகுத் தணல், மூடிக்கு மேலே இன்னும் கொஞ்சம் தணல். இறைச்சிக்குப் பதில் டின்மீன். வெள்ளைச் சோஸ் பால்மாவில். சீஸ் பேருக்கு. கறிவேப்பிலை கட்டாயம்.

"இத்தாலிக்காரன் பாத்தா அழுவாம்மா" என்பாள் சுலக்ஷனா.

"அழுதுகிட்டே திம்பான்."

கற்றது குவைத்தில். சுலக்ஷனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அங்கே வீட்டுவேலைக்குப் போனவள், மகள் பெரிய பிள்ளையாகி, பள்ளிக்கூடமும் முடித்த பிறகுதான் திரும்பி வந்தாள். அந்த வீட்டு மேடத்துக்கு நீளமானதும் குட்டையானதும் சங்கு மாதிரிச் சுருண்டதும் தகடாய்க் கிடப்பதும் எல்லாம் ஒரே 'மக்கரோனா'தான். பக்கத்து வீட்டில் வேலைசெய்த பிலிப்பைன்ஸ்காரி அதையே 'பாஸ்தா' என்பாள். மேடத்தின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, இது ஃபெட்டுச்சினி, இது பென்னே, இது லசானியா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்லித் தாயையே திருத்தினான். ஊருக்கு வந்தால் ஹட்டன் கடையில் 'மெக்கரோனி', லயத்துப் பிள்ளைகளுக்கு 'நூடுல்ஸ்'. போன மாதம் மேலே பங்களாவில் தங்க வந்த ஜெர்மன்காரர் 'நூடெல்ன்' என்றாராம்.

"மாவுக்கு ஊருக்கு ஒரு பேரு. கோணலா இருந்தா ஒண்ணு, நேரா இருந்தா ஒண்ணு. அத அவிச்சவளுக்கு என்னா பேரு? மேரி!"

இந்த இடத்தில் குரல் ஏறும். அந்த வீட்டில் அவள் மேரி. அவளுக்கு முன் இருந்தவளும் மேரி, அதற்கு முந்தியவளும் மேரி. ஆள் மாறினாலும் கூப்பிடுகிற வாய் மாற வேண்டியதில்லை. திரும்பி வந்தால் லயத்தில் அவள் 'குவைத்தக்கா'. அப்படிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பின்னால் பஸ் வருகிறது என்று எச்சரிக்கக் கூப்பிட்டாலும் அவ்வளவுதான்.

மேலே பழைய துரை பங்களாவை நிரஞ்சன் என்கிற ஹட்டன் பையன் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக்கினான். வீரம்மாவின் லசானியா அங்கே போகத் தொடங்கியது. வீட்டில் சுட்டு, துணியால் மூடி, தாயும் மகளும் மேட்டில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரண்டு பேருக்கும் அதுதான் நிலையான பிழைப்பு. வாசல் பலகையில் தன் பெயரைப் போடச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் "போட்டுருவோம்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டும் விட்டான். சுலக்ஷனாதான் இங்கிலீஷை வாசித்துச் சொன்னாள்: "கொழுந்தெடுக்கிறவளோட லசானியா."

சமையலறை மேசையில் ஒரு புதுக் கூடை, தலைத்துணி, இடுப்பில் கட்டுகிற படங்கு. கூடையில் இன்னும் கடை வாசம் போகவில்லை. ஒரு தேயிலைக் கொழுந்தைக்கூடக் கண்டதில்லை.

"அக்கா, இதக் கட்டிக்கிட்டு நீங்களே கொண்டுபோய் மேசையில வைங்க. கெஸ்ட்டு ஃபோட்டோ புடிப்பாங்க."

"நான் கொழுந்தெடுத்து எத்தன வருசமாச்சு தம்பி?"

"அது அவங்களுக்குத் தெரியவா போவுது?"

"எம்பேரு எங்க?"

"கோவிச்சுக்காதீங்க. வீரம்மான்னு போட்டா வெள்ளக்காரனுக்கு வாயில நொழையாதுக்கா."

வீரம்மா இடுப்பில் கையை வைத்தாள்.

"ஃபெட்டுச்சினி நொழையுது, லசானியா நொழையுது. வீரம்மா மட்டும் நொழையாதோ? அவன் வாயில என்னா கொழுக்கட்டையா இருக்கு? வாசல் கேட்டுல இந்தாப் பெருசா 'நிரஞ்சன்ஸ்'னு ஒம்பேர எழுதி வச்சிருக்கியே, அது எப்புடி நொழையுது?"

"அக்கா, கெஸ்ட்டு உக்காந்துட்டாங்க. பேர அப்புறம் பாப்போம்."

"அவுங்களுக்கு வேசம் போட்டுக் காட்டணும்னா நீ போடு. ஒனக்குக் கூடை நல்லாருக்கும்."

தட்டின்மேல் துணியை இழுத்து மூடினாள்; தூக்கினாள்; வந்த வழியே நடந்தாள். "இதோட இந்தப் பக்கம் வர வேணாம்!" என்ற நிரஞ்சனின் சத்தம் படிவரைக்கும் வந்தது.

"அம்மா, வேல போயிருச்சு" என்றாள் பின்னால் ஓடிவந்த சுலக்ஷனா.

"போவட்டும்."

கொழுந்தெடுக்கிறவளோட லசானியாவாம். தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற ஒருத்தி வாயிலும் அது பட்டதில்லை. அவர்களுடைய கூடையும் வேண்டும், படங்கும் வேண்டும், வளைந்த முதுகும் ஃபோட்டோவுக்கு வேண்டும். மேசையில் மட்டும் இடமில்லை. வீரம்மா லயத்துக்குத் திரும்பும் பாதையை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். ஞாயிறென்றும் பாராமல், அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்த பெண்கள், நிறுவைக்குக் காத்து வரிசையாய்க் குந்தியிருந்தார்கள். நடுவில் தட்டை வைத்துத் துணியை எடுத்தாள். ஆவி இன்னும் பறந்தது.

"என்னாது, அடுக்கு ரொட்டியா?"

"லசானியா. அந்தா, மேல ஒங்க பேர்லதான் விக்கிறாங்க. என்னான்னு தின்னு பாருங்க."

இலைக்கறை ஏறிய கைகள் நீண்டன. வாயில் போட்ட ஒருத்தி கண்ணை உருட்டி, "தொட்டுக்கக் காரமா கட்டச்சம்பல் இருந்தா ஜோரா இருக்கும்" என்றாள். வீரம்மா முறைத்தாள். மென்று பார்த்துவிட்டு, "இருக்கும்தான்" என்றாள்.

கடைசித் துண்டு கரண்டியில் ஏறியது. அடித்தகடு, ஓரம் முறுகியது.

"எனக்குத் தாங்க குவைத்தக்கா" என்று கை நீட்டினாள் ஓர் இளம்பெண்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. நீட்டிய கையும் நின்றது. சுற்றியிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். வீரம்மா கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மூடுபனி விலகக் காத்திருப்பவளைப்போல எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...வீரம்மாக்கா."

கரண்டி இறங்கியது.

பிறகொரு நாள் தட்டைக் கழுவும்போதுதான் சுலக்ஷனா கேட்டாள், அடியில் அப்படி என்னதான் கீறுகிறாய் என்று. நகம் கீறுவது ஓர் எழுத்து: 'வீ'. குவைத்து வீட்டில் மேரி வேகவைத்த ஒவ்வொரு தட்டின் அடியிலும் அது இருந்திருக்கிறது.