தொட்டானா, தொடலையா?

போன சனிக்கிழமை காலை, சமையலறைக் குழாய் ஒழுகுகிறதே என்று செஞ்சி பஜாருக்குப் போனேன். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது... காரணம், மெக்சிகோ!

பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தேவராஜ், என் மனைவியின் அண்ணன். அறுபத்து மூன்று வயது. சனிக்கிழமை காலைகளில் அவர் கடை டி.வி.யில் மெக்சிகோ மல்யுத்தம் மட்டும்தான் ஓடும்.

அன்றைக்குச் சண்டைகளுக்கு நடுவே பழைய ஜாம்பவான்களுக்குப் பாராட்டு. கோட் சூட் போட்ட இரண்டு பெரியவர்கள் ரிங்குக்குள் ஏறினார்கள். ஒருவர் கோட் சூட்டோடு முகமூடியும் போட்டிருந்தார். இன்னொருவருக்கு வெறும் முகம். ஏன்? ஒரு காலத்தில் அந்த முகமூடிக்காரரிடம் தோற்று, தன் முகமூடியைப் பறிகொடுத்தவராம் அவர். தோற்றவர் அப்புறம் அதைப் போடவே கூடாதாம். மச்சான் விளக்கினார் — குழாயைத் தேடாமல்.

அந்த நேரம் பார்த்தா அனந்தபுரம் ஆரோக்கியசாமி பைப் வாங்க வரவேண்டும்? அவர் வழக்கமாக வாங்கும் கடை அன்று லீவு.

மச்சானும் அவரும் பேசி முப்பத்தோரு வருஷம். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் ஒரு கபடி ஃபைனல். கடைசி நிமிடம். பாடி வந்த ஆரோக்கியசாமி, மச்சானின் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியதாக நடுவர் பாயின்ட் கொடுத்துவிட்டார். செஞ்சி தோற்றது. அவர் தொடவே இல்லை என்பது மச்சான் கட்சி.

டி.வி.யில் முகமூடிக்காரர் மற்றவரைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதார்கள். கடையில் பில் போடும் லட்சுமியும் அழுதாள். என் கண்ணில்... தூசி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மச்சான் எழுந்தார். ஒரு புதுத் துண்டை எடுத்து ஆரோக்கியசாமியின் தோளில் போர்த்தினார். அவரும் கட்டிக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். மச்சான் குரல் தழுதழுக்கச் சொன்னார்:

"போவுது வுடு ஆரோக்கியம். நீ தொடலன்னாலும் பெரிய ஆட்டக்காரன்தான்."

துண்டு கீழே விழுந்தது.

"தொட்டேன்."

"தொடல."

எப்படித் தொட்டேன் என்று செய்தே காட்டுகிறேன் என்றார் ஆரோக்கியசாமி. தடுத்திருக்க வேண்டிய நானும் லட்சுமியும் பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்தோம். வேட்டியை மடித்துக் கட்டி, "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு அவர் வந்தார். மச்சான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தார். இருவருக்கும் சேர்த்து நூற்று இருபத்தைந்து வயது... அப்படியே பைப் கட்டின் மேல் சரிந்தது.

எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நல்லவேளை, முறிவு இல்லை, சுளுக்குதான். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். யார் ஜெயித்தது என்று டாக்டர் கேட்டுவிட்டார். மச்சான் கையைத் தூக்கினார். ஆரோக்கியசாமிக்குக் கை எழவில்லை. காலைத் தூக்கினார்.

ஒன்று கவனித்தேன். முப்பத்தோரு வருஷம் பேசாதவர்கள், அன்று சாயங்காலம் வரை வாய் மூடவில்லை. எல்லாம் தொட்டது, தொடாதது பற்றித்தான். சமாதானமாகப் போயிருந்தால் இவ்வளவு பேசியிருப்பார்களா?

மச்சானை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பாதி வழியில் என் காதருகே குனிந்தார்.

"தொட்டுட்டான், மாப்ள. எனக்கு அன்னிக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாத."

நான் யாரிடமும் சொல்லவில்லை... எழுதியதோடு சரி.