ஒரே வயரும் செல்லம்மாவின் சம்பந்தமும்

கம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்திருக்கிறவனும் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவனும் ஒன்றுதான்; உள்ளே சாமி வரம் தராவிட்டாலும் வெளியே இருக்கிற நம்மைத்தான் முறைத்துவிட்டுப் போவார்கள். பழைய கம்பியூட்டரோடு குடித்தனம் நடத்தினவர்கள் யாராவது இதைப் படித்தால், தனியாகத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். நானும் கூட இருக்கிறேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அக்கரப்பத்தனை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். முழங்கால் விட்டுப்போனதும் தலவாக்கலை டவுனில் மருமகன் போட்ட கடையில் உட்கார்ந்தேன். போன், போட்டோ கொப்பி, இன்டர்நெட். போட்டோ கொப்பி லெட்சுமி என்கிற பெண்ணின் பொறுப்பு. மற்றதெல்லாம் என் தலையெழுத்து. கம்பியூட்டர், கொழும்பில் ஏதோ ஒரு ஆபீஸில் வேண்டாம் என்று கழித்த கிழட்டு மெசின். "விண்டோஸை இது தாங்காது மாமா. லினக்ஸ் போட்டிருக்கேன், குதிரை மாதிரி ஓடும்" என்று சொல்லிவிட்டு மருமகன் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டார். போட்டுப் பார்த்தால், திரையில் வந்து நின்றது குதிரை இல்லை. லினக்ஸ்காரனின் முத்திரையாம், ஒரு கொழுத்த பெங்குயின்.

தெரியாத எழுத்து

அந்த மெசினில் நெட் எடுக்க வேண்டும் என்றால், முதலில் ஒரு கறுப்புத் திரையில் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும். அடித்தால் ஒரு எழுத்தும் விழாது. புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை, ஒன்றுமே இல்லை. லினக்ஸின் குணம் அது. ஆனால் அது எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் கீபோர்ட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே படிப்பிக்க வந்த கணக்கு மாஸ்டர் வந்தார். "விடுங்கோ, நான் அடிக்கிறன்" என்று உட்கார்ந்தார். அடித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல் குத்தினார். "விழலனாலும் விழுந்திருக்குமுங்க மாஸ்டர், தைரியமா என்டரை அமத்துங்க" என்றேன். அமத்தினார், போன் லைனில் நெட்டை இழுக்கிற மோடம் பெட்டி கத்தத் தொடங்கியது. அவர் எழுந்து நின்று சொன்னார்: "அண்ணை, நான் இத்தனை வருசமா கரும்பலகையில எழுதிறன். எழுதினது தெரியாத பலகையை இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

இரண்டு வீட்டுக்காரன்

இனி செல்லம்மாவைச் சொல்ல வேண்டும். டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மகன் முருகேசு கட்டாரில், ஒரு ஸ்டோரில் வேலை. சொந்தமாகப் போன் கிடையாது. அறையில் கூட இருக்கிற ஒருவன்தான் அவனுக்கு மெயில் அடித்துக் கொடுப்பான். பூண்டுலோயாவில் ஒரு பெண் பார்த்து, போட்டோவை எங்கள் கடையிலிருந்துதான் அவனுக்கு அனுப்பினோம். பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: சரஸ்வதி பூசைக்குள் பதில் வர வேண்டும்; வராவிட்டால் விஜயதசமி அன்றைக்கு ஹட்டன் மாப்பிள்ளை வீட்டோடு வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள்.

"ஏம்மா, ஊருல வேற பொண்ணே இல்லையா?" என்று கேட்டேன். "திருவிழாவுல சோத்து அண்டாவத் தூக்க முடியாம நாலு ஆம்பளைங்க நிக்கிறாங்கண்ணே. இந்தப் புள்ள வந்து 'வெலகுங்க'ன்னு ஒரு கை போட்டுச்சு. எம்மகன் படு சோம்பேறி. அவனுக்கு இதுதான் சரி" என்றாள். நியாயந்தான்.

பதிலுக்குக் காத்திருந்தபோதுதான் நெட் படுத்துக்கொண்டது. கொழும்புக்கு மருமகனைக் கூப்பிட்டேன். "இதை அடிச்சுப் பாருங்க மாமா" என்றார். அடித்துப் பார்க்கப் போனை வைக்க வேண்டும். ஏனென்றால் சுவரிலிருந்து வருவது ஒரே வயர். அதுதான் இரண்டாகப் பிரிந்து ஒன்று போனுக்கும் ஒன்று மோடத்துக்கும் போகிறது. போனில் பேசினால் நெட் இல்லை, நெட் போட்டால் போன் இல்லை. வைப்பதும் எடுப்பதுமாக அரைநாள் போனது. கடைசியில் மோடத்தை அணைத்துப் போட்டதும் தானாகச் சரியாகிவிட்டது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த லெட்சுமி சொன்னாள்: "ரெண்டு வீடு வச்சிருக்கிறவன் பொழப்பு இதவிட லேசு சித்தப்பா!"

பிறக்காத பிள்ளை

அன்றைக்கு ராத்திரி இடி மழை. கரண்ட் போய் வந்தது. மறுநாள் பார்த்தால் லைன் கிடைக்கிறது, செய்திப் பக்கங்கள் திறக்கின்றன, மெயில் பெட்டி மட்டும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. மறுபடி நெட்டை வெட்டிவிட்டு, போனில் மருமகனைப் பிடித்தேன். "மூலையில தேதி என்னன்னு பாருங்க மாமா." பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி முதலாம் தேதி! மெசினுக்குள்ளே நேரத்தை ஞாபகம் வைத்திருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. இத்தனை வருசம் பின்னால் நிற்கிற ஆளை நம்ப முடியாது என்று மெயில்காரன் கதவைச் சாத்திவிட்டான்.

கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்ற செல்லம்மாவுக்கு இதை விளக்கினேன். "இது இப்ப எம்பதாம் வருசத்துல நிக்குதும்மா. அதான் மெயில் வரல." அவள் கம்பியூட்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எப்படிண்ணே வரும்? அந்த வருசம் எம்மகன் பொறக்கவே இல்லையே!"

கதவைச் சாத்தாதீங்க

தேதியைத் திருத்தியதும் மெயில் பெட்டி திறந்தது. உள்ளே முருகேசு இல்லை. ஏதோ லொத்தரில் எனக்குப் பரிசு விழுந்திருப்பதாக ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருந்தான், அவ்வளவுதான்.

சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று லைனை வெட்டப் போனேன். செல்லம்மா பாய்ந்து என் கையைப் பிடித்துவிட்டாள். தோட்டத்தில் தபால்காரர் லயத்து வீடுகளுக்கு வரும் நேரம் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்பார்கள்; வீடு பூட்டியிருந்தால் தபால் திரும்பிப் போய்விடும். அவள் கண்டது அதைத்தான். மெயில் அப்படித் திரும்பாது, எந்நேரமும் பெட்டியிலேயே கிடக்கும் என்று நான் சொன்னதெல்லாம் ஏறவில்லை. தாய் மனசு, நான் என்ன செய்ய? அந்த வாரம் முழுக்க, கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை, லைனை வெட்டாமல் வைத்திருந்தேன். போன் பேச வந்தவர்களையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். அறுந்தால் உடனே மறுபடி போட்டேன். அவளும் ஒவ்வொரு சாயந்தரமும் வந்து வாசலில் நின்றே குரல் கொடுப்பாள்: "கதவு தொறந்துதான இருக்குண்ணே?"

மெசினின் வாய்

சரஸ்வதி பூசை நாள் வந்தது. கடைசி நாள். லெட்சுமி காலையிலேயே கடையைக் கழுவி, எல்லாச் சாமானையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெங்குயினுக்குக்கூட ஒரு பூ வைத்திருந்தாள். சாம்பிராணி போட்டு, சுண்டலும் சாப்பிட்டுவிட்டு நெட்டைப் போட்டேன். வரவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். தேதியைப் பார்த்தேன், சரி. பாஸ்வேர்டை மாஸ்டர் மாதிரி ஆணியடித்துப் பார்த்தேன். அசையவில்லை. சாயந்தரமும் ஆகிவிட்டது, செல்லம்மா வந்து நின்றாள்.

வயரைப் பிடுங்கிப் பார்த்தால், மோடத்தின் ஓட்டைக்குள்ளே கெட்டியாகச் சந்தனம்! "என்னடி இது?" என்றேன். லெட்சுமியின் அப்பா தேயிலை பெக்டரியில் மெசின் பார்த்தவர். அவள் அசரவில்லை. "எங்கப்பா கொழுந்து அரைக்கிற மெசினுக்கும் வாயிலதான் பொட்டு வைப்பாரு. இதுக்கு வாய் இதுதான சித்தப்பா?"

செல்லம்மா அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. தாலிக்கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, "சொரண்டுங்கண்ணே. இனி வந்தாத்தான் என்ன, பூண்டுலோயாவுக்குக் கடைசி பஸ் போற நேரமாச்சு" என்றாள். நான் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. அந்த வாரம் முழுக்க அந்தக் கடையில் கேட்காத சத்தம். மூன்று பேரும் ஒரு கணம் அதை வெறித்துப் பார்த்தோம். எடுத்தேன். முருகேசு! எங்கள் மெயிலில் இருந்த கடை நம்பரைப் பார்த்து, டெலிபோன் பூத்திலிருந்து பேசினான். மெயில் அடித்துக் கொடுக்கிற கூட்டாளி லீவில் ஊருக்குப் போய்விட்டானாம். "அந்தப் புள்ளையவே பேசி முடிங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான். ரிசீவரை செல்லம்மாவின் காதில் வைத்தேன். அவன் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது: "ஒரு வாரமா அடிக்கிறேன், எப்பப் பாத்தாலும் லைன் பிஸி! அப்படி யாருகிட்டதான் நாள் பூராவும் பேசுறீங்க?"

"ஒன்னத்தாண்டா நெட்டுல தேடிக்கிட்டு இருந்தோம்!" என்று திருப்பிக் கத்திவிட்டு, ரிசீவரை என் கையில் திணித்து, செல்லம்மா பஸ்ஸுக்கு ஓடினாள். ஊக்கைத் திருப்பி வாங்கக்கூட நிற்கவில்லை. லெட்சுமி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்: "சித்தப்பா, அந்த ஓட்டையில இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

இத்தனை வருசம் மெசினோடு மல்லுக்கட்டி நான் கற்ற வைத்தியம் இவ்வளவுதான்: நெட் வரவில்லை என்றால் வயரைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள், பாஸ்வேர்டைப் பாருங்கள், அதற்கும் வராவிட்டால் கொஞ்ச நேரம் வராமலே இருக்க விட்டுப் பாருங்கள்.